பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் ஊற: எதை, எப்போது, எந்த வரிசையில் சாப்பிடுவது

பிரசவ வீடுகளுக்குப் பத்தியச் சமையல் செய்து கொடுக்கப் போகும்போதெல்லாம் ஒரே குழப்பத்தைப் பார்க்கிறேன். பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, லேகியம் எல்லாம் வீட்டில் தயாராக இருக்கும். ஆனால் இரண்டாவது வாரம் கொடுக்க வேண்டியதை இரண்டாம் நாளே கொடுத்திருப்பார்கள். முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியதை மூன்றாம் நாள்வரை தள்ளிப் போட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியைப் பொருள்வாரியாக எழுதாமல் நாள்வாரியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. பால் ஊறுவது பிள்ளை சப்புவதால்தான். மார்பு காலியாகக் காலியாக அடுத்த பால் ஊறும். தேங்கி நின்றால் ஊறுவது குறையும். அந்த வேலையைத் தாங்கும் தெம்பை அம்மாவுக்குக் கொடுப்பது சாப்பாடு. வெந்தயம், முருங்கைக்கீரை போன்றவற்றை வைத்துச் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் பலன் தெரிந்தது, ஆனால் சான்று இன்னும் வலுவானதில்லை. எனவே இவற்றைச் சாப்பாட்டின் பகுதியாகக் கொடுங்கள், மருந்தாக நம்பிக் காத்திருக்காதீர்கள்.

1. எட்டாம் மாதத்திலேயே முடித்து வைக்க வேண்டியவை

பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் ஒருவருக்கும் வறுத்து அரைக்க நேரம் கிடைக்காது. எனவே பொடிகளை முன்கூட்டியே செய்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

உளுந்தங்களி மாவு: கருப்பு உளுந்து மூன்று பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். தோலோடு அரைப்பது நல்லது. மலச்சிக்கலுக்கு அந்த நார் உதவும்.

பத்தியப் பொடி: மிளகு, சீரகம், மல்லி, கொஞ்சம் துவரம் பருப்பு, சிறு துண்டு சுக்கு. காய்ந்த மிளகாய் பேருக்கு ஒன்றிரண்டு போதும். இந்த ஒரு பொடி குழம்புக்கும் ரசத்துக்கும் ஆகும்.

கருப்பட்டி, பனங்கற்கண்டு, நல்லெண்ணெய், பூண்டு இவற்றை வாங்கி வைக்கலாம். பூண்டை மட்டும் உரித்து வைக்காதீர்கள், முளைவிட்டுக் காய்ந்துபோகும். கேழ்வரகு மாவும் இருக்கட்டும். 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கும் தானியம் அது.

பட்டியலில் இல்லாத ஒன்றும் வேண்டும்: ஒரு சிறு நோட்டு. எதற்கென்று மூன்றாம் படியில் வரும்.

2. முதல் மூன்று நாள்: சமையலறையில் வேலை குறைவு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் விட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். சிசேரியன் ஆனவர்களும் படுத்தபடியே, ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, கொடுக்கலாம்.

முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சில சொட்டுகளே வரும். "பாலே இல்லையே" என்று பெரியவர்கள் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். பிறந்த பிள்ளையின் வயிறு மிகச் சிறியது. ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே முதல் நாளில் அதற்குப் போதும். பால் நிறைந்து வர இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகும். சிசேரியனில் ஒரு நாள் கூடலாம்.

இந்த இடைவெளியில் சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் என்று எதையும் நாக்கில் தடவாதீர்கள். வயிறு நிறைந்த பிள்ளை சப்பாது, சப்பாவிட்டால் பால் ஊறாது. தேன் ஒரு வயதுவரை ஆபத்தும்கூட. அதில் இருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் அம்மாவுக்கு வலிக்கும், பாலும் சரியாக வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். வலி இருந்தால் விரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள். ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்குள் செவிலியரிடம் இதை ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொண்டால், பின்னால் வரும் பாதிப் பிரச்சினை குறையும்.

அம்மாவுக்கு என்ன சாப்பாடு? சுகப்பிரசவம் என்றால் இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், பருப்புத் தண்ணீர், பால். சிசேரியன் என்றால் ஆஸ்பத்திரியில் சொல்லும் வரிசைப்படி முதலில் நீராகாரம், பிறகு இட்லி. களி, லேகியம், நெய் மிதக்கும் கறி எதுவும் இப்போது வேண்டாம். குடல் இன்னும் மந்தமாக இருக்கும். கனமான சாப்பாடு மலச்சிக்கலைக் கொண்டுவரும். தையல் போட்ட உடம்புக்கு அது பெரிய வேதனை.

3. பால் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி நேரே வெந்தயத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பால் போதுமான அளவு இருக்கும்போதே "போதவில்லை" என்று முடிவு கட்டி, பவுடர் பால் கொடுத்து, அதனாலேயே பால் குறைந்துபோன வீடுகள் பல.

நோட்டில் நாள்தோறும் மூன்றைக் குறியுங்கள்: எத்தனை தடவை பால் குடித்தது, எத்தனை தடவை சிறுநீர் போனது, மலத்தின் நிறம் என்ன. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்தது 6 தடவை துணி நனைய வேண்டும். முதலில் கருப்பாக இருக்கும் மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறிவிட வேண்டும்.

எடை இன்னொரு கணக்கு. பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தை நெருங்கினால் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இவை சரியாக இருந்தால் பால் போதும். மாலையில் பிள்ளை அழுவது, மணிக்கு ஒருமுறை கேட்பது, பம்பில் கொஞ்சம்தான் வந்தது, சில வாரம் கழித்து மார்பு மெத்தென்று ஆனது ஆகியவற்றை வைத்துப் பால் குறைவு என்று சொல்ல முடியாது. மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் பல பிள்ளைகள் திடீரென்று அடிக்கடி குடிக்கும். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் இரண்டொரு நாளில் பால் அதற்கேற்ப ஏறிவிடும்.

டயப்பர் கட்டினால் நனைந்தது தெரியாது. முதல் இரண்டு வாரம் துணி கட்டுவதே கணக்கெடுக்க வசதி.

4. முதலில் வயிறார மூன்று வேளை, பிறகு தண்ணீர்

முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. சமையலறைக் கணக்கில் சொன்னால், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம்.

ஆனால் பல வீடுகளில் நடப்பது தலைகீழ். பச்சை உடம்பு என்று சொல்லி ரசம் சாதமும் சுட்ட அப்பளமுமே நாற்பது நாள் ஓடும். பழம் குளிர்ச்சி, பருப்பு வாயு, மோர் சளி. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் பாலின் அளவு உடனே குறையாது. அம்மாவின் எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்து உடம்பு பாலுக்குக் கொடுத்துவிடும். களைப்பும் முதுகுவலியும் அவளுக்குத்தான் மிஞ்சும். பத்தியம் என்றால் காரம், புளி, எண்ணெயில் பொரித்தது ஆகியவற்றைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தினமும் இரண்டு வேளையாவது பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்று இருக்கட்டும். சைவ வீடுகளில் பாசிப்பருப்புக் கூட்டு, கொண்டைக்கடலை, தயிர், பன்னீர். அம்மா பருப்பு சாப்பிட்டால் பிள்ளைக்கு வாயு போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாயு அம்மாவின் குடலிலேயே நின்றுவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று பாட்டிகள் ஒரு டம்ளரோடு நிறுத்துவார்கள். இன்னொரு பக்கம் நாலைந்து லிட்டர் குடித்தால் பால் பொங்கும் என்று குடிப்பவர்கள். பிள்ளை ஒரு மாதத்தைத் தாண்டியதும் நாளொன்றுக்கு சுமார் 750 மி.லி. பால் உடம்பிலிருந்து போகிறது. அதை ஈடுகட்ட வேண்டும், அவ்வளவே. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டம்ளர் வெந்நீரோ சீரகத் தண்ணீரோ வையுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும்.

5. பால் ஊறக் கொடுக்கும் பக்குவங்கள்

முதல் வாரம் முடிந்து, பசி நன்றாக எடுத்து, மலம் சரியாகப் போகத் தொடங்கிய பிறகு இவற்றைத் தொடங்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒன்றைத் தொடங்கி மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கோ தடிப்போ வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

அ. பூண்டு. இதை முதலில் கொடுப்பேன், வயிற்றுக்கு இதமானது என்பதால். பத்துப் பல் பூண்டை அரை டம்ளர் தண்ணீரில் முதலில் மசியும்வரை வேகவையுங்கள். பிறகுதான் ஒரு டம்ளர் பால் ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். நேரே பாலில் போட்டால் பூண்டு வேகுமுன் பால் அடிப்பிடிக்கும். சிட்டிகை மஞ்சள், மிளகு. பனங்கற்கண்டை இறக்கிய பின் சேருங்கள். கருப்பட்டி போட்டால் பால் திரிந்துவிட வாய்ப்பு உண்டு. பூண்டு வாசம் தாய்ப்பாலிலும் வரும். அதைப் பிள்ளை வெறுக்கும் என்று பயப்பட வேண்டாம். அம்மா பூண்டு சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் கூடுதல் நேரம் மார்பில் இருந்ததாக ஆய்வு ஒன்று உண்டு. மதியத்துக்குப் பத்தியப் பொடி போட்ட பூண்டுக் குழம்பு. புளியைப் பாதியாகக் குறைத்து நல்லெண்ணெயில் வதக்கிச் செய்யுங்கள்.

ஆ. முருங்கைக்கீரை. இரும்பும் கால்சியமும் இதில் ஒருசேரக் கிடைக்கும். கால்சியம் மட்டுமே 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல். காம்பை நீக்கி, பூண்டு தட்டிப்போட்டு, வெந்த பருப்போடு பொரியலாகச் செய்து, இறக்கும்போது தேங்காய்த்துருவல் சேருங்கள். சாப்பிடும்போது நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். வாரத்தில் மூன்று நான்கு நாள், மதியம் மட்டும். இரவில் கீரை செரிக்க நேரமாகும், அம்மா வயிற்றுப் பொருமலில் தூங்க மாட்டாள்.

இ. வெந்தயக் கஞ்சி. கால் கப் புழுங்கலரிசி, ஒரு டீஸ்பூன் வெந்தயம், ஆறு பல் பூண்டு. வெந்தயத்தை இரவே ஊறவைத்தால் கசப்பு குறையும், மசிந்தும் வேகும். குழைந்த பிறகு தேங்காய்ப்பால், கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள்: பலன் தெரியவில்லை என்று வெந்தயப் பொடியை ஸ்பூன் ஸ்பூனாக விழுங்குவார்கள். அம்மாவுக்கும் சில சமயம் பிள்ளைக்கும் பேதியாகும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வேர்க்கடலை அல்லது கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது. வியர்வையிலும் சிறுநீரிலும் இனிப்பு வாசம் வந்தால் திகைக்காதீர்கள், அது வெந்தயத்தின் வேலை.

ஈ. உளுந்தங்களி. அரை கப் மாவுக்கு இரண்டு கப் தண்ணீர். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும், மண் இருக்கும். மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். காலையில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டை. இடுப்புக்கு என்று இதைக் கொடுப்பார்கள். புரதமும் கலோரியும் சேர்வதுதான் பாலுக்கு இதனால் வரும் ஆதாயம்.

உ. மீன். பால்சுறா புட்டு இல்லாத பத்தியம் கடலோர வீடுகளில் கிடையாது. மஞ்சள் போட்ட வெந்நீரில் வேகவைத்து, மண்போல் சொரசொரக்கும் தோலை உரித்து, உதிர்த்து, கையால் நீரை ஒட்டப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் புட்டு குழகுழவென்று ஆகிவிடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை வதக்கிப் போட்டுக் கிளறுங்கள்.

சுவையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது. பாதரசம் அதன் உடம்பில் சேரும், அது தாய்ப்பாலுக்கும் போகும். பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கிறது. என் யோசனை: அதே பக்குவத்தில் மத்தியையோ நெத்திலியையோ செய்யுங்கள். முள் எடுக்கும் வேலை கூடும், வேறு நஷ்டம் இல்லை. வீட்டில் சுறாவே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், குட்டிச் சுறா, எப்போதாவது ஒருமுறை. வாரம் முழுக்கப் போடாதீர்கள்.

ஊ. காய்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், பப்பாளிக்காய்க் கூட்டு. பப்பாளிக்காயைக் கர்ப்பத்தில் விலக்கியவர்கள் இப்போதும் பயப்படுகிறார்கள். நன்றாக வேகவைத்தால் தயக்கம் தேவையில்லை.

லேகியத்தை ஏன் இங்கே சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்ந்த பிரசவ லேகியம் செரிமானத்துக்கானது. தமிழக அரசு தாய்மார்களுக்குக் கொடுத்த பரிசுப் பெட்டகத்திலேயே சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. சாதாரணச் சாப்பாடு செரிக்கத் தொடங்கிய பிறகு சுண்டைக்காய் அளவு, சாப்பாட்டுக்குப் பின். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அதிலுள்ள வெல்லத்தைக் கணக்கில் வையுங்கள். பற்பம், செந்தூரம் கலந்தது, லேபிள் இல்லாதது எதையும் வாங்காதீர்கள்.

அம்மான் பச்சரிசி, தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற மூலிகைகளைப் பதிவுபெற்ற சித்த மருத்துவர் அளவு சொன்னால் மட்டும் எடுங்கள். கிள்ளினால் பால் வடியும் செடி என்பதற்காகவே பறித்து அரைத்துக் குடிப்பது சரியில்லை.

6. ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

காலை ஆறு மணிக்குப் பூண்டுப் பால் அல்லது கேழ்வரகுக் கஞ்சி. எட்டரைக்கு இட்லியும் முட்டையும், வாரம் இருமுறை களி. பதினொரு மணிக்குப் பழம். மதியம் சாதம், பூண்டுக் குழம்பு, கீரை, பருப்பு அல்லது மீன். நான்கு மணிக்குச் சுண்டல். இரவு எட்டுக்குள் இடியாப்பமோ தோசையோ, ரசம், காய்.

பலரும் மறப்பது நடு இரவை. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில் அதிகம் சுரக்கும், எனவே இரவுப் பாலை விடக்கூடாது. இரண்டு மணிக்குக் கொடுத்து முடித்ததும் அம்மாவுக்கு அகோரப் பசி எடுக்கும். பிளாஸ்கில் பால், ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை உருண்டையோ பேரீச்சம்பழமோ கட்டிலருகே இருக்கட்டும். எடுத்துக் கொடுக்க வீட்டுக்காரர் எழுந்தால் இன்னும் நல்லது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் தொடர வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள், கால்சியம் இரும்பைச் சேரவிடாது. காலை உணவுக்குப் பின் கால்சியம், மதியத்துக்குப் பின் இரும்பு என்று பிரித்துக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையை ஒட்டிக் காபி, டீ வேண்டாம். மற்றபடி நாளுக்கு இரண்டு டம்ளர் காபியால் கெடுதல் இல்லை.

7. பாலைக் குறைக்கும் தவறுகள்

மணி பார்த்துக் கொடுப்பது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கட்டுப்பாடு வைத்தால் மார்பு தேங்கும், சுரப்பு குறையும்.

"ராத்திரி நன்றாகத் தூங்கட்டும்" என்று ஒரு புட்டி. ஒரு புட்டி என்பது, மார்பு காலியாகாமல் போன ஒரு வேளை.

சளி மாத்திரையைக் கேட்காமல் வாங்குவது. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் பாலைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அப்படியே. மருந்துக் கடையில் பாலூட்டுவதைச் சொல்லிக் கேளுங்கள்.

மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது. பால் வற்றச் செய்ய நம் ஊரில் செய்து வந்தது இது. 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், பாலை நிறுத்தும் மருந்துக்கு ஈடாக இது வேலை செய்ததாகத் தெரிந்தது. பால் கட்டிக்கொண்டதே என்று யாராவது பூவை எடுத்தால் தடுங்கள். பால் கட்டினதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கையால் கொஞ்சம் பீச்சி, பிள்ளையைக் குடிக்க விடுவதே வழி. தலையில் வைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

8. எப்போது சமையலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவது

ஐந்தாம் நாளுக்குப் பிறகும் சிறுநீர் ஆறு தடவைக்குக் குறைவு, பிள்ளை எழுப்பினாலும் சப்பாமல் தூங்குகிறது, மஞ்சள் காமாலை கால்வரை இறங்குகிறது, காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும், கஞ்சி காய்ச்சிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அம்மாவுக்குக் குளிர்காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தாலும், ரத்தப்போக்கு அதிகமானாலும் அப்படியே. ஐந்து நாளாகியும் மார்பு கனக்கவே இல்லை என்றால் நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். தைராய்டும் காரணமாக இருக்கலாம். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போனவர்களுக்கும் பால் தாமதிக்கும். எந்தப் பூண்டும் இவற்றைச் சரி செய்யாது.

போகும்போது நோட்டையும், சாப்பிடும் மாத்திரைகள், லேகியப் பாட்டில் உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்திலும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். எப்படிக் கவ்வுகிறது என்பதை மருத்துவர் நேரில் பார்க்க அதுவே வசதி.